நூற்றில் ஒன்றிரண்டை மட்டும் கறுப்பாக்கிய சாயம்

புதிதாக எடுத்த மூளைத் திசுவை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தால் பார்ப்பதற்கு அநேகமாக ஒன்றும் இருக்காது. அதில் முக்கால் பங்கு தண்ணீர், மீதியில் பெரும்பகுதி கொழுப்பும் புரதமும். எல்லாவற்றின் வழியாகவும் ஒளி ஏறக்குறைய ஒரே மாதிரி கடந்துபோகிறது. ஒரு செல்லின் எல்லை எது, பக்கத்துச் செல் எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குப் பிடிபட வேண்டுமானால் நிறமோ நிழலோ வேண்டும். அதற்குத்தான் சாயம். ஈரலையோ சிறுநீரகத்தையோ பார்ப்பவருக்குச் சாதாரணச் சாயங்களே பெரும்பாலும் போதும். அங்கே செல்கள் கட்டுக்குள் அடங்கிய வடிவத்தில் அடுக்கடுக்காக இருக்கின்றன. நரம்புச் செல் அப்படி அடங்குவதில்லை.

நியூரான் எனப்படும் அந்த நரம்புச் செல்லின் உடல் பெரும்பாலும் 10 முதல் 30 மைக்ரான் அகலம்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதிலிருந்து கிளம்பும் ஆக்சான் என்ற நீண்ட இழை மூளைக்குள் பல இடங்களில் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த தடிமனில் ஓடுகிறது. நீளமோ சில மில்லிமீட்டரில் தொடங்கி, தண்டுவடத்திலிருந்து பாதம் வரை போகும் ஆக்சான்களில் ஒரு மீட்டரை எட்டுகிறது. சுண்டெலியின் பெருமூளைப் புறணியில் ஒரு கன மில்லிமீட்டரை எடுத்து, அதற்குள் இருக்கும் ஆக்சான்களை எல்லாம் நீட்டி ஒன்றோடொன்று சேர்த்தால் சுமார் 4 கிலோமீட்டர் வரும். இத்தனையையும் ஒரே சாயத்தில் நனைத்தால் கிடைப்பது வெறும் இருட்டு. எந்த இழை எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமானால் மற்ற இழைகள் தெரியாமல் இருக்க வேண்டும். நரம்பு இணைப்புகளைப் பற்றிய 150 ஆண்டு ஆய்வை நான் இந்தக் கோணத்தில்தான் வாசிக்கிறேன். எதை மறைப்பது என்பதில்தான் ஒவ்வொரு சாய முறையின் சாமர்த்தியமும் இருந்தது. அது ஆளைக் கவிழ்த்ததும் அங்கேதான்.

ஊசி முனையில் அறுந்த கிளைகள்

ஜெர்மனியின் ஜோசப் கெர்லாக் 1858-இல் கார்மைன் என்ற சிவப்புச் சாயத்தை நன்றாக நீர்க்கவிட்டு, அதில் சிறுமூளைச் சீவலை நெடுநேரம் ஊறவைத்தார். செல்களின் உடல்கள் சிவப்பாகப் பளிச்சிட்டன. கிளைகள் மட்டும் கொஞ்ச தூரத்திலேயே மங்கி மறைந்தன. அதே காலத்தில் ஓட்டோ டைட்டர்ஸ் வேறு வழியில் போனார். குரோமிக் அமிலத்தில் பதப்படுத்திய திசுவிலிருந்து ஒற்றைச் செல்லை மெல்லிய ஊசிகளால் பிரித்து எடுத்தார். செல்லிலிருந்து கிளை பிரியும் பல நீட்சிகள் ஒரு வகை, கிளை பிரியாமல் வெளியேறும் ஒற்றை நீட்சி இன்னொரு வகை என்று அவர்தான் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். நாம் இன்று டென்ட்ரைட் என்றும் ஆக்சான் என்றும் சொல்பவை அவைதான். டைட்டர்ஸ் 30 வயதை எட்டாமலேயே 1863-இல் இறந்துபோனார். அவருடைய வேலை 1865-இல்தான் அச்சானது.

ஆனால் ஊசியால் பிரித்தெடுத்த செல்லில் கிளை நுனிகள் எல்லாம் அறுந்திருக்கும். இணைப்பு எங்கே நடக்கிறதோ அந்த இடத்தையே பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் அந்தச் செல் கண்ணாடித் தகட்டுக்கு வருகிறது. நுனிகளில் என்ன நடக்கிறது என்பது ஊகத்துக்கு விடப்பட்டது. கெர்லாக் 1872-இல் அந்த ஊகத்தைச் சொன்னார்: செல்களின் மெல்லிய கிளைகள் ஒன்றோடொன்று உருகிக் கலந்து, மூளை முழுவதும் தொடர்ச்சியான ஒரே வலையாக இருக்கிறது. அன்றைய கருவிகளைக் கொண்டு பார்த்தால் இது நியாயமான முடிவுதான். இரத்தக் குழாய்கள் அப்படித்தான் இணைந்திருந்தன. நரம்பில் ஓடும் ஏதோ ஒன்றும் தடையில்லாமல் ஓட வேண்டும் அல்லவா?

கறுப்பு வினை

கமில்லோ கோல்ஜி அப்போது இத்தாலியின் மிலான் அருகே உள்ள அப்பியாதெகிராசோ என்ற சிற்றூரில், தீரா நோயாளிகளுக்கான மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வகம் கிடையாது. ஒரு சமையலறையைத்தான் ஆய்வகமாக்கிக் கொண்டிருந்தார். அங்கேதான் 1873-இல் 'கறுப்பு வினை' பிறந்தது.

செய்முறை கேட்பதற்கு எளிது. சில மில்லிமீட்டர் அளவுள்ள மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் ஊறவைக்க வேண்டும். துண்டு கெட்டிப்பட்டு, பழுப்பு மஞ்சளாக மாறும். பிறகு அதை வெள்ளி நைட்ரேட் கரைசலுக்கு மாற்ற வேண்டும். மாற்றிய மறுகணமே துண்டைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் படிவு கிளம்பிக் கரைசல் கலங்கும். ஏற்கெனவே பயன்படுத்திய பழைய வெள்ளிக் கரைசலில் அலசி, கலங்கல் நின்ற பின் புதிய கரைசலில் போட்டு இருட்டில் ஓரிரு நாள் வைக்கிறார்கள். துண்டின் மேல்பரப்பு முழுக்கப் படிகங்கள் அப்பியிருக்கும். அதைச் சுரண்டித் தள்ளிவிட்டுத்தான் உள்ளே சீவ வேண்டும். சாதாரணச் சாயங்களுக்கு 5 முதல் 10 மைக்ரான் சீவல் என்றால் இதற்கு 100 மைக்ரான் வரை தடிமன் வைப்பார்கள், கிளைகள் அறுபடாமல் இருக்க. பழைய காலத்துக் கோல்ஜி ஸ்லைடுகளில் மேல்மூடிக் கண்ணாடிகூடப் போடமாட்டார்கள். போட்டால் காலப்போக்கில் படிவு கெட்டுப்போகும்.

கடைசியில் தெரிவது தேன் நிறப் பின்னணியில் முழுக்கக் கறுத்த ஒரு நியூரான். உடல், கிளைகள், கிளையின் கிளைகள், ஆக்சான் எல்லாம் ஒரே கறுப்பு. திசுவுக்குள் வெள்ளி குரோமேட் படிவு ஏதோ ஒரு செல்லுக்குள் தொடங்கி, அதன் உட்புறத்தை நிரப்பிக்கொண்டே போய், செல் சவ்வோடு நின்றுவிடுகிறது. பக்கத்துச் செல்லுக்கு ஒன்றும் ஆவதில்லை. நூறு செல்களில் சிலவற்றுக்கே இது நிகழ்கிறது. சிக்கு விழுந்த நூல்கண்டில் ஒரே ஓர் இழையை மட்டும் மையில் தோய்த்தது போல. ஏன் இந்தச் செல், ஏன் அந்தச் செல் இல்லை என்ற கேள்விக்கு 150 ஆண்டுகள் கழித்தும் முழுமையான பதில் இல்லை. வேறு எந்தச் சாயமாக இருந்தாலும் இவ்வளவு குறைவாகப் பிடிப்பதைக் குறை என்று தள்ளியிருப்பார்கள்.

அதன் மதிப்பு உடனே தெரிந்துவிடவில்லை. இத்தாலிய மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான அந்தக் கட்டுரையை வெளியே வாசித்தவர்கள் குறைவு. முயன்று பார்த்தவர்களுக்கும் ஒரு நாள் அருமையான செல் கிடைக்கும், மறுநாள் அதே கரைசலில் படிகக் குப்பை மட்டுமே மிஞ்சும்.

கோல்ஜி தானே கண்டுபிடித்த முறையில் பார்த்துவிட்டு என்ன முடிவுக்கு வந்தார் என்பதுதான் வேடிக்கை. ஆக்சானுக்குப் பக்கக் கிளைகள் உண்டு என்று முதலில் கண்டவர் அவர்தான். டென்ட்ரைட்டுகள் வலையில் கலக்கவில்லை, தனித்தே முடிகின்றன என்பதையும் சரியாகச் சொன்னார். இந்த இடத்தில் கெர்லாக்கிடமிருந்து விலகினார். ஆனால் ஆக்சான் கிளைகள் மெலிந்து மெலிந்து கடைசியில் ஒரு பரந்த வலைக்குள் கரைந்துபோகின்றன என்று முடிவு கட்டினார். மூளை ஒட்டுமொத்தமாக இயங்குகிறது, தனித்தனி இடத்துக்குத் தனித்தனி வேலை இல்லை என்பது அவர் நம்பிக்கை; அந்த வலை அதற்குத் தோதாக இருந்தது. இதில் சாயத்தின் பங்கும் உண்டு. வளர்ந்த மூளையில் ஆக்சான்களைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கும். அந்த உறைக்குள் வெள்ளிப் படிவு சரியாக நுழையாது. உறை தொடங்கும் இடத்தில் கறுப்புக் கோடு நின்றுவிடும். சாயம் முடிந்த இடத்துக்கு அப்பால் கண்ணுக்குத் தெரிவது ஒன்றும் இல்லை. அங்கே பார்ப்பவரின் கொள்கை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அதே சாயம், வேறு விலங்கு

ஸ்பெயினின் சாந்தியாகோ ரமோன் இ கஹால் 1887-இல் மாட்ரிட்டில் லூயிஸ் சிமர்ரோ என்ற மருத்துவரின் வீட்டில் முதன்முறையாக நல்லதொரு கோல்ஜி ஸ்லைடைப் பார்த்தார். சாயம் கண்டுபிடிக்கப்பட்டு 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. கஹால் அதில் செய்த மாற்றங்கள் வேதியியலில் பெரிய புரட்சி ஒன்றுமில்லை. டைகுரோமேட், வெள்ளி என்ற சுற்றை ஒரு முறையோடு நிறுத்தாமல் இரண்டாம் முறையும் செய்தார். பிடிப்பது ஓரளவு நிச்சயமானது. இன்னும் முக்கியமாக, வளர்ந்த விலங்கை விட்டுவிட்டுக் கருவையும் பிறந்த குஞ்சையும் எடுத்தார். அங்கே மயலின் உறை இன்னும் வளரவில்லை. கிளைகள் குறைவு, தூரமும் குறைவு. ஆக்சான் கிளம்பிய இடத்திலிருந்து முடியும் இடம் வரை ஒரே சீவலில் கிடைத்தது.

1888-இல் அவர் தாமே நடத்தத் தொடங்கிய ஓர் இதழில் பறவைகளின் சிறுமூளையைப் பற்றிய கட்டுரை வந்தது. அச்சடித்ததே 60 பிரதிகள்தான். அதிலிருந்த ஒரு காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். சிறுமூளையில் புர்கின்யே செல்கள் என்ற பெரிய செல்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு மேலே உள்ள அடுக்கில் சிறிய செல்கள் சில இருக்கின்றன. அந்தச் சிறிய செல் ஒன்று சாயத்தில் கறுக்கும்போது அதன் ஆக்சான் பக்கவாட்டில் ஓடுகிறது. ஓடும் வழியில் கிளைகளைக் கீழே இறக்குகிறது. ஒவ்வொரு கிளையின் நுனியும் கூடை முடைந்தாற்போல ஒரு வெற்றிடத்தைச் சுற்றி வளைத்து நின்றுவிடுகிறது. அந்த வெற்றிடம் வெறுமை இல்லை. சாயம் பிடிக்காத ஒரு புர்கின்யே செல்லின் உடல் அங்கே இருக்கிறது. ஆக்சான் அந்தச் செல்லைச் சுற்றிப் பிடித்திருக்கிறதே தவிர உள்ளே கலக்கவில்லை. கலந்திருந்தால் கறுப்பு உள்ளேயும் பாய்ந்திருக்க வேண்டும். பாயவில்லை. பக்கத்துச் செல் கறுக்காமல் இருந்ததே இங்கே சான்றாகிவிட்டது.

1889-இல் பெர்லினில் கூடிய உடற்கூறியலாளர் மாநாட்டுக்குத் தன் நுண்ணோக்கியையும் ஸ்லைடுகளையும் எடுத்துக்கொண்டு கஹால் போனார். அன்று ஐரோப்பாவின் மூத்த திசுவியலாளரான கோலிக்கர் குனிந்து பார்த்துவிட்டு அவர் பக்கம் சாய்ந்தார். வில்ஹெல்ம் ஹிஸ், ஆகுஸ்ட் ஃபோரல் இருவரும் கஹாலுக்குச் சற்று முன்பே வேறு வேறு வழிகளில் இதே முடிவை எட்டியிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கதையை ஒரே கதாநாயகனுக்கு எழுதிக் கொடுப்பது நியாயமில்லை. ஹிஸ் கருவில் நரம்பு இழைகள் செல்லிலிருந்து முளைத்து வெளியே வளர்வதைக் கண்டார். ஆக்சானை வெட்டினால் அதற்குச் சொந்தமான செல்லோடு சிதைவு நின்றுவிடுகிறது, வலை முழுக்கப் பரவுவதில்லை என்றார் ஃபோரல். 1891-இல் வால்டயர் இவற்றையெல்லாம் தொகுத்து எழுதி, இந்தச் செல்லுக்கு நியூரான் என்று பெயர் வைத்தார். 1897-இல் ஷெரிங்டன் இரண்டு நியூரான்கள் சந்திக்கும் இடத்துக்கு சினாப்ஸ் என்று பெயரிட்டார்.

இந்த இடத்தில் பல நூல்கள் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. இரண்டு செல்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கஹால் பார்க்கவே இல்லை. பார்த்திருக்க முடியாது. சினாப்ஸ் இடைவெளி சுமார் 20 நானோமீட்டர். ஒளி நுண்ணோக்கியால் 200 நானோமீட்டருக்குக் கீழே இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட இயலாது; ஒளியின் அலைநீளம் வைக்கும் வரம்பு அது. ஆகவே 'தொடுகிறது, கலக்கவில்லை' என்று அவர் சொன்னது கண்ணால் கண்ட சாட்சியம் ஆகாது. நுனிகள் தனித்து முடிகிற தோற்றம், கருவில் ஆக்சான் நுனி கூம்பாக முன்னேறிச் செல்லும் காட்சி, வெட்டினால் சிதைவு எல்லையோடு நிற்பது என்று பல திசைகளிலிருந்தும் கட்டி எழுப்பிய வாதம். மறுபக்கம் கோல்ஜியிடம் இருந்தது ஒரே திசைச் சான்று. 1906-இல் இருவருக்கும் நோபல் பரிசு சேர்த்து வழங்கப்பட்டபோது, கோல்ஜி தன் உரையை நியூரான் கொள்கையை எதிர்ப்பதற்கே செலவிட்டார். மறுநாள் கஹால் பேசினார்.

இன்னொரு துணிச்சலும் கஹாலுக்கு இருந்தது. உயிரற்ற, வெள்ளி ஏறிய திசுவைப் பார்த்துவிட்டு அதில் செய்தி எந்தத் திசையில் ஓடும் என்று அம்புக்குறி போட்டார். விழித்திரையிலும் முகர்வுப் பகுதியிலும் டென்ட்ரைட்டுகள் வெளியுலகத்தை நோக்கி இருக்கின்றன, ஆக்சான்கள் மூளையை நோக்கிப் போகின்றன. எனவே டென்ட்ரைட் வாங்குகிறது, ஆக்சான் கொடுக்கிறது என்பது அவர் கணக்கு. பெரும்பாலும் சரி. விதிவிலக்குகளும் பிற்பாடு கிடைத்தன. அதே முகர்வுப் பகுதியில் டென்ட்ரைட்டும் டென்ட்ரைட்டும் நேரடியாகப் பேசிக்கொள்வது 1966-இல் உறுதியானது.

டென்ட்ரைட்டுகள் மேல் முள் முள்ளாகத் தெரிந்த சிறு நீட்சிகளைப் பற்றியும் ஒரு தகராறு நடந்தது. அது வெள்ளிப் படிகத்தின் குப்பை என்று பலர் ஒதுக்கினார்கள். கோல்ஜி முறையின் படிகத் தொல்லை தெரிந்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் இயல்பானதே. கஹால் அதற்குச் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது: எர்லிஹ் நரம்புகளுக்குப் பயன்படுத்திய மெத்திலீன் நீலம் என்ற, வெள்ளிக்கு எந்த உறவும் இல்லாத சாயத்தை 1896-இல் எடுத்து, அதிலும் முள்களைக் காட்டினார். இரண்டு சாயங்கள் ஒரே மாதிரி பொய் சொல்லாது.

நெடுந்தூரம் போகும் இழைகள்

பக்கத்து வீட்டு உறவுகளைக் காட்டுவதில் கோல்ஜி முறை வல்லது. புறணியிலிருந்து தண்டுவடம் வரை போகும் இழையைப் பின்தொடர அது உதவாது. ஒரு சீவலில் கறுத்தது அடுத்ததில் இருக்காது. இதற்கு வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு வழி கண்டார்கள். நிஸ்ல் செல் உடல்களை மட்டும் நீலமாக்கும் சாயத்தைத் தந்தார். 1909-இல் பிராட்மன் பெருமூளைப் புறணியை எண்ணிட்ட பகுதிகளாகப் பிரித்தது அதை வைத்துத்தான். வைகெர்ட் மயலின் உறையைக் கறுப்பாக்கினார். மார்க்கி, சிதைந்துகொண்டிருக்கும் மயலினை மட்டும் ஆஸ்மியத்தால் கறுப்பாக்கினார்.

1950-களில் வால்லே நௌட்டா செய்தது இந்தக் கட்டுரையின் கோணத்துக்குக் கச்சிதமான உதாரணம். ஓர் இடத்தைச் சேதப்படுத்தினால் அங்கிருந்து புறப்படும் ஆக்சான்கள் சில நாட்களில் சிதையும். வெள்ளிச் சாயம் போட்டால் நல்ல இழையும் கறுக்கும், சிதையும் இழையும் கறுக்கும், பிரித்தறிய வழியில்லை. நௌட்டாவும் அவருடைய சகாவும் வெள்ளிக்கு முன்னால் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் ஒரு கட்டத்தைச் சேர்த்தார்கள். அது நல்ல இழைகள் வெள்ளியைப் பிடிக்கும் குணத்தை மட்டும் அடக்கிவிடுகிறது. வெளிறிய பின்னணியில் சிதையும் இழைகள் புள்ளிக் கோடுகளாக ஓடுகின்றன. கறுப்பாக்கும் வழி ஏற்கெனவே இருந்தது. கறுக்க விடாமல் தடுக்கும் வழிதான் குறைவாக இருந்தது.

சேதப்படுத்தாமலே பின்தொடரும் வழி 1970-களின் தொடக்கத்தில் வந்தது. ஆக்சான் வெறும் கம்பி அன்று. அதற்குள் சரக்குப் போக்குவரத்து இரண்டு திசையிலும் நடக்கிறது. ஒருவகை முள்ளங்கி வேரிலிருந்து எடுக்கும் பெராக்சிடேஸ் நொதியை மூளையில் ஓரிடத்தில் செலுத்தினால், அங்கே முடியும் ஆக்சான் நுனிகள் அதை உள்வாங்கி, தத்தம் செல் உடலுக்கு அனுப்பிவைக்கும். பிறகு திசுவைச் சீவி, நொதியோடு வினைபுரிந்து நிறம் தரும் பொருளைச் சேர்த்தால், 'இங்கே பேசுவது யார்' என்ற கேள்விக்குப் பதில் செல் செல்லாகத் தெரியும். கதிரியக்கம் ஏற்றிய அமினோ அமிலங்கள் எதிர்த்திசைக் கேள்விக்குப் பதில் சொல்லின. 2007-இல் வந்த மாற்றியமைத்த வெறிநோய் வைரஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. வெறிநோய் வைரஸ் சினாப்ஸைத் தாண்டித் தாண்டிப் போகக்கூடியது. தாண்டுவதற்குத் தேவையான ஒரு மரபணுவை அதிலிருந்து நீக்கிவிட்டு, தொடக்கச் செல்லுக்கு மட்டும் அதைத் தனியாகக் கொடுத்தால், வைரஸ் ஒரே ஒரு படி தாண்டி அங்கேயே நின்றுவிடும். அந்தச் செல்லுக்கு நேரடியாகச் செய்தி அனுப்பும் செல்கள் மட்டும் ஒளிரும்.

அதே 2007-இல் ஹார்வர்டில் ஜெஃப் லிக்ட்மன், ஜோஷுவா சேன்ஸ் குழுவினர் 'பிரெய்ன்போ' என்ற முறையை வெளியிட்டார்கள். சில ஒளிரும் புரதங்களுக்கான மரபணுக்களைச் சுண்டெலியின் நியூரான்களில் பல பிரதிகளாக வைத்து, எது செயல்பட வேண்டும் என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலச் செல்லுக்குச் செல் தற்செயலுக்கு விட்டார்கள். சேர்மானத்தைப் பொறுத்து சுமார் 90 நிறங்கள் பிரித்தறியக் கிடைத்தன. படம் பத்திரிகை அட்டைகளுக்குக் கொள்ளை அழகு. மறைப்பதற்குப் பதில் நிறத்தால் பிரிப்பது என்ற எண்ணமும் புதிது. ஆனால் நெருக்கமாக ஓடும் மெல்லிய ஆக்சான்களில் நிறங்கள் ஒன்றில் ஒன்று கசிந்துவிடுகின்றன. 200 நானோமீட்டர் என்ற பழைய சுவர் அங்கே இருந்துகொண்டேதான் இருந்தது.

எல்லாம் தெரியும்போது

சுவரைத் தாண்டியது எலெக்ட்ரான் நுண்ணோக்கி. 1950-களின் நடுவில் சினாப்ஸ்களின் படங்கள் வரத் தொடங்கின. இந்தப் பக்கம் ஒரு சவ்வு, அந்தப் பக்கம் ஒரு சவ்வு, நடுவே மெல்லிய பிளவு, ஒரு பக்கத்தில் வேதிப்பொருள் நிரம்பிய குமிழ்கள். கஹாலின் வாதம் அவர் இறந்து 20 ஆண்டுகள் கழித்துக் காட்சியானது.

இங்கேயும் சாயம் இல்லாமல் முடியாது. எலெக்ட்ரான்களுக்கு நிறம் தெரியாது. கனமான அணுக்கள்தான் அவற்றைச் சிதறடிக்கும். கார்பனும் ஆக்சிஜனும் நிறைந்த திசு அவற்றுக்கு ஏறக்குறையக் கண்ணாடி. அதனால் ஆஸ்மியம், யுரேனியம், ஈயம் ஆகிய கன உலோகங்களை ஏற்றுகிறார்கள். ஆஸ்மியம் சவ்வுகளின் கொழுப்பைப் பிடித்துக்கொள்கிறது. எந்தச் செல்லின் சவ்வு என்ற பாகுபாடு அதற்குக் கிடையாது. கோல்ஜியின் சாயத்துக்கு இது நேர் எதிர்: அங்கே நூற்றில் சில, இங்கே நூற்றுக்கு நூறு.

பாடநூல்களில் நாம் பார்த்துப் பழகிய நியூரான், வெள்ளைத் தாளில் கிளை பரப்பிய தனி மரம், கோல்ஜி சாயத்தின் வாரிசு. செல்கள் ஏதோ வெட்டவெளியில் கைநீட்டி நிற்கின்றன என்ற எண்ணத்தை அது நம் மண்டையில் ஏற்றிவிட்டது. எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் ஒன்றைப் பார்த்தால் அந்த எண்ணம் கலையும். வெட்டவெளி என்று ஒன்று இல்லவே இல்லை. ஆக்சான், டென்ட்ரைட், கிளையா என்ற துணைச் செல்லின் இதழ்கள் என்று ஒவ்வொன்றும் மற்றதன் மேல் அழுந்தி, ஒரு கோடு அளவு இடைவெளிகூட அரிதாக இருக்கிறது. பள்ளிப் பாடநூலில் இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் எவ்வளவோ நல்லது.

எல்லாம் தெரிவதால் பழைய சிக்கல் திரும்பி வந்தது. இந்த வட்டம் எந்தச் செல்லினுடையது? அதை அடுத்த சீவலில் தேடி, அதற்கடுத்ததில் தேடி, ஆயிரக்கணக்கான சீவல்கள் வழியாக விடாமல் பிடித்துக்கொண்டு போக வேண்டும். கேம்பிரிட்ஜில் ஜான் வைட், சிட்னி பிரென்னர் குழுவினர் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ் என்ற புழுவுக்கு இதைக் கைகளால் செய்தார்கள். புகைப்படங்களின் மேல் பேனாவால் எண் இட்டு, இழை இழையாகத் தொடர்ந்து, 1986-இல் 302 நியூரான்களின் இணைப்புப் படத்தை வெளியிட்டார்கள். பத்தாண்டுக்கும் மேலான உழைப்பு அது.

இப்போது தேர்ந்தெடுக்கும் வேலையைச் சாயத்திடமிருந்து கணினி எடுத்துக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் சாயமேற்றிப் படம் பிடித்துவிட்டு, ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு நிறம் கொடுத்துப் பிரிக்கும் பொறுப்பு மென்பொருளுக்கு. 2024-இல் பழ ஈ ஒன்றின் முழு மூளையும் இப்படி வெளியானது: 1,39,255 நியூரான்கள், 5 கோடிக்கும் மேற்பட்ட சினாப்ஸ்கள். அதே ஆண்டில் மனித மூளைப் புறணியின் ஏறக்குறைய ஒரு கன மில்லிமீட்டர் துணுக்கு வந்தது. சுமார் 57,000 செல்கள், 15 கோடி சினாப்ஸ்கள், தரவு மட்டும் 1.4 பெட்டாபைட். மென்பொருள் இரண்டு விதமாகப் பிழை செய்யும். ஓர் ஆக்சானை நடுவில் இரண்டாக அறுத்துவிடும், அல்லது பக்கத்தில் ஓடும் இரண்டை ஒன்றாக ஒட்டிவிடும். ஒட்டும் பிழைதான் மோசம். இல்லாத இணைப்புகளை நூற்றுக்கணக்கில் உண்டாக்கிவிடும். கெர்லாக்கின் வலை மென்பொருள் வடிவில் எட்டிப்பார்க்கிற இடம் இது. பழ ஈயின் படத்தைச் சரிபார்க்கப் பல நாடுகளின் ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் இழை இழையாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

நூற்றுக்கு நூறு என்ற சாயத்துக்கும் பார்வை மறைவு உண்டு. ஒரு சினாப்ஸ் தூண்டுவதா அடக்குவதா என்பதைச் சாம்பல் நிறப் படத்திலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். அங்கே என்னென்ன வேதிப்பொருள் இருக்கிறது என்று நேரடியாகத் தெரியாது. தொலைவுக்குப் பரவி வேலை செய்யும் நரம்புப் பெப்டைடுகளுக்குக் கம்பி வரைபடத்தில் இடமே கிடையாது. 302 நியூரான்களின் இணைப்பு 40 ஆண்டுகளாகத் தெரிந்திருந்தும் அந்தப் புழுவின் நடத்தையை முழுமையாகக் கணிக்க இயலாததற்கு இது ஒரு காரணம். செல்கள் சவ்வோடு சவ்வு சேர்த்து மின்னோட்டத்தை நேரடியாகக் கடத்தும் மின் சினாப்ஸ்களும் பெரிய தரவுகளில் எளிதில் தப்பிவிடுகின்றன. அப்படிப்பட்ட இணைப்பு உண்டு என்பது 1950-களின் முடிவில் நன்னீர் நண்டின வகையான கிரேஃபிஷில் நிறுவப்பட்டது. கோல்ஜிக்கு அது பாதி ஆறுதல். சவ்வுகள் தனித்தனிதான், ஆனால் நடுவில் வாசல்கள் இருக்கின்றன. 2023-இல் இன்னும் கொஞ்சம் கிடைத்தது. கடலில் வாழும் சீப்பு ஜெல்லி ஒன்றின் நரம்பு வலையை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் தொடர்ந்து பார்த்தபோது, அதன் செல்கள் உண்மையிலேயே ஒன்றோடொன்று கலந்து, ஒரே சவ்வுக்குள் தொடர்வது தெரிந்தது. கோல்ஜி மனித மூளையில் தேடிய வலை, மூளையே இல்லாத உயிரினம் ஒன்றில் இருக்கிறது.

அடுத்த இலக்கு சுண்டெலியின் முழு மூளை. அது ஏறக்குறைய 500 கன மில்லிமீட்டர். தரவைச் சேமிப்பதும் பிரிப்பதும் பெரிய செலவு என்று எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு முன்பே வேறொரு சிக்கல் இருக்கிறது. ஆஸ்மியம் திசுவுக்குள் ஆழமாக இறங்காது. மேல் அடுக்கு முதலில் கறுத்து, உள்ளே போகும் வழியைத் தானே அடைத்துவிடும். நடுப்பகுதி வெளிறிக் கிடக்கும். ஜெர்மனியில் ஷான் மிக்குலா, வின்ஃபிரீட் டெங்க் இருவரும் 2015-இல் கரைசல்களின் சேர்மானத்தையும் வரிசையையும் மாற்றி, ஒரு சுண்டெலி மூளை முழுவதற்கும் சீராக ஆஸ்மியம் ஏற்றிக் காட்டினார்கள். 2025-இல் ஆஸ்திரியாவிலிருந்து வேறு பாதை ஒன்று வந்தது. திசுவை ஜெல்லில் பதித்து ஒவ்வொரு திசையிலும் சுமார் 16 மடங்கு ஊதவைத்து, புரதங்கள் எல்லாவற்றுக்கும் சாயமேற்றி, சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே இணைப்புகளைத் தொடரும் முறை அது. 200 நானோமீட்டர் சுவர் அப்படியே இருக்கிறது. திசுதான் சுவரைவிடப் பெரிதாகிவிட்டது. இதில் கூடுதல் வசதி, அதே திசுவில் எதிர்பொருள்களைக் கொண்டு குறிப்பிட்ட புரதங்களுக்குத் தனி நிறம் கொடுக்கலாம். எலெக்ட்ரான் நுண்ணோக்கி தவறவிடும் மின் சினாப்ஸ்களையும் அந்த வழியில் அடையாளம் காண முடிகிறது.